எழுதிக் கெடுத்த பிரதிதான் வேண்டும்

பழைய புத்தகம் விற்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அவர்களுக்குப் பிடிப்பதில்லை. "உள்ளே யாராவது எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்பேன். "ஒரு கோடுகூட இல்லை, பிரிக்காத பிரதி" என்று பெருமையோடு பதில் வரும். அந்தப் பெருமைக்குத் தனி விலை உண்டு. "அப்படியானால் எனக்கு வேண்டாம்" என்று எழுதியதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அமெரிக்காவிலிருந்து விற்கும் ஒருவர் மட்டும் ஏன் என்று விடாமல் கேட்டார். அவருக்கு எழுதிய பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் சேர்ப்பவை 'ஜட்ஜஸ் கில்ட்' என்ற சிறு பதிப்பகத்தின் வெளியீடுகள். 1976இல் தொடங்கி 1980களின் முற்பகுதி வரை பாத்திர விளையாட்டுகளுக்காக அவர்கள் வெளியிட்ட துணைநூல்களும் வரைபடங்களும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் பாத்திர விளையாட்டு அது. ஒருவர் நடுவர், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று நடுவர் சொல்வார். தகராறு வந்தால் பகடை தீர்த்துவைக்கும். விதிகள் புத்தகத்தில் இருந்தன. ஆனால் அந்தக் கதவு எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெரு எந்த ஊரில் இருக்கிறது என்பதையெல்லாம் நடுவரே இரவில் கண்விழித்துத் தயாரிக்க வேண்டியிருந்தது. ஆயத்தமாகச் செய்த ஊரைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதை விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் அப்போது பெரிதாக எண்ணவில்லை. இல்லினாய் மாநிலத்தின் டெகேட்டர் என்ற நடுத்தர ஊரில் ஜட்ஜஸ் கில்டைத் தொடங்கிய பாப் பிளெட்சாவும் பில் ஓவனும் எண்ணினார்கள். 'சிட்டி ஸ்டேட் ஆஃப் தி இன்வின்சிபிள் ஓவர்லார்ட்' என்ற கற்பனை நகரத்தின் பெரிய வரைபடத்தை 1976இல் ஜென்கான் என்ற விளையாட்டு விழாவுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அதற்குரிய விவரங்களைச் சந்தா கட்டியவர்களுக்குத் தவணை தவணையாக அஞ்சலில் அனுப்பினார்கள். பிறகு டி.எஸ்.ஆரிடமே முறையாக உரிமம் பெற்றார்கள். 'டிராவலர்', 'ரூன்குவெஸ்ட்' விளையாட்டுகளுக்கும் நூல்கள் செய்தார்கள். 1982இல் டி.எஸ்.ஆர். உரிமம் கைவிட்டுப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் கடையும் மூடப்பட்டது.

வேலூரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்றால், என் வேலையே அதுதான். நில அளவைத் துறையில் வரைவாளராகச் சேர்ந்து, முதுநிலை வரைவாளராக ஓய்வு பெற்றவள் நான். சேர்ந்தபோது இது வட ஆற்காடு மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. ஓய்வு பெறும் தறுவாயில், 2019இல், ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மாவட்டம் பிரியும்போதெல்லாம் படங்களின் தலைப்பை மாற்றி எழுதிய கை இது. அண்ணன் மகன் இல்லினாயில், சாம்பெய்னில் படித்தான். டெகேட்டர் அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவு. விடுமுறைக்கு வந்தபோது ஒரு பழைய படத்தை என் முன்னால் விரித்து, "அத்தை, இதை வரைந்தவர் உங்கள் ஆளாகத்தான் இருக்க வேண்டும்" என்றான். அறுகோணக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு இலக்க எண், கையால் எழுதிய ஊர்ப்பெயர்கள், மலைக்குச் சின்னச் சின்னக் கூரை முனைகள். கோட்டின் தடிமனைப் பார்த்தேன். அவசரமாக வரைந்த கை, ஆனால் பழகிய கை.

அது 1977இல் வந்த 'வைல்டர்லேண்ட்ஸ் ஆஃப் ஹை ஃபேன்டஸி' தொகுதியின் படம். இந்த வரிசையில் மொத்தம் 18 படங்கள். குறுக்கே 52, நெடுக்கே 34 என்று அறுகோணங்கள். ஓர் அறுகோணத்துக்கு ஐந்து மைல். கையில் அளவுகோல் கிடைத்தால் சும்மா இருக்க முடியாதே! சொந்த ஊரை வைத்துப் பார்த்தேன். வேலூரிலிருந்து ஆற்காட்டுக்கு மூன்று அறுகோணம், ஆம்பூருக்கு ஆறு. பழைய வட ஆற்காடு முழுவதும் ஒரே படத்தில் அடங்கி, சுற்றிலும் இடம் மிஞ்சும்.

ஒவ்வொரு படமும் இரண்டு வகையாக வரும். நடுவருக்கு ஒன்று, ஆடுபவர்களுக்கு ஒன்று. நடுவர் படத்தில் எல்லாம் இருக்கும். ஆடுபவர் படத்தில் கரையோரமும் இன்னும் கொஞ்சமும் மட்டும். மற்றபடி வெறும் கட்டங்கள். போய்ப் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். சரி, நடுவருக்காவது எல்லாம் தெரியுமா என்றால் அதுவும் இல்லை. இந்தக் கட்டத்தில் ஒரு கோட்டை, இத்தனை பேர், தலைவன் பெயர் இது என்று ஒரு வரி. அந்தக் கட்டத்தில் ஓர் இடிபாடு, அதில் புதைந்திருப்பது இன்னது என்று ஒரு வரி. ஏன், எப்படி, அவனுக்கும் இவனுக்கும் என்ன பகை என்பதெல்லாம் உங்கள் பாடு. நகரத்துக்கான நூலிலும் இதே சிக்கனம்தான். கடை, கடைக்காரன், அவன் வலிமையைக் குறிக்கும் எண்களின் சுருக்கெழுத்து, பிறகு ஒரே ஒரு வரி வதந்தி.

எனக்கு இது எங்கள் 'அ' பதிவேடு, அதாவது கிராமத்து நிலக் கணக்கு. புல எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று வரிசையாகப் போய், கடைசியில் குறிப்பு என்றொரு கலம் வரும். பெரும்பாலும் காலியாக இருக்கும். எங்காவது 'சுடுகாடு', 'கோயில்', 'பாழுங்கிணறு' என்று ஒரே சொல் நிற்கும். முப்பது வருடங்களுக்கு மேல் அந்தக் கலத்தைப் படித்தே எனக்குக் கதை கேட்கும் பசி தீர்ந்தது. ஒரு புல எண்ணில் 'பாழுங்கிணறு' என்று இருந்தால், அதைத் தூர்க்காமல் விட்டது யார், ஏன் என்று சாப்பாட்டு வேளையில் அலுவலகமே பேசும்.

ஆகவேதான் எழுதாத பிரதி எனக்கு வேண்டாம். இவை பாதி வேலையாகவே அச்சான புத்தகங்கள். மீதிப் பாதியை வாங்கியவர் எழுத வேண்டும். எழுதாமல் நாற்பத்தைந்து வருடம் கண்ணாடித்தாளுக்குள் கிடந்த பிரதி, அளக்காத நிலத்தின் படம். அதற்கு ஏன் இரட்டை விலை?

என்னிடம் உள்ள சிட்டி ஸ்டேட் நூலில் பென்சிலால் எழுதாத பக்கமே குறைவு. முன்னால் வைத்திருந்தவர் யாரென்று தெரியாது; பொடி எழுத்து, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஒரு கடைக்காரனின் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் அவன் மனைவியின் பெயர். கொஞ்ச நாள் கழித்து, வேறு பென்சிலால், அதையும் அடித்துவிட்டு இன்னொருவர் பெயர், ஓரத்தில் 1981 என்று. எங்கள் அலுவலகத்தில் இதற்குப் பட்டா மாறுதல் என்று பெயர். இடையில் நடந்த கொலையையோ கடனையோ அவர் எழுதவில்லை. மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்திருப்பார். படத்தில் ஒரு தெருமுனையில் ஐந்து கட்டடங்களைச் சுற்றி ஒரு வட்டம், 'எரிந்தது' என்று ஒரு சொல். அடுத்த தெருவில் காலியாக இருந்த மனையில் அதே கடைகளில் மூன்றின் பெயர்கள். மீதி இரண்டு கடைக்காரர்கள் எங்கே போனார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஒருவன் பின்னட்டையின் உட்புறத்தில், கொள்ளைக்காரர் பட்டியலில் இருக்கிறான்.

'டீகல் மேனர்' பிரதி இன்னொரு விதம். 1977இல் வந்த பேய் மாளிகை அது. 240 அறைகள். ரம்ப் என்ற ஒரே குடும்பத்தின் பேய்கள் அறைக்கு அறை உலாவும். என் பிரதியில் ஓர் அறையின் மேல் 'வேண்டாம்' என்று மூன்று முறை எழுதி மூன்றாவதன் கீழே கோடு போட்டிருக்கிறது. அச்சிட்ட விவரத்தைப் படித்தால் அந்த அறையில் அப்படி ஒன்றுமே இல்லை. அவர்கள் மேசையில் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. என் மேசையிலும் அந்த அறைக்குள் யாரையும் நான் விடுவதில்லை. பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

என் மேசை என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை, கூடத்துச் சாப்பாட்டு மேசை. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பொறியியல் மாணவர்கள்தான் ஆடுபவர்கள். ஆளுக்கு ஆள் ஊர் வேறு. மேசைக்கு வந்தால் தமிழில்தான் ஆட வேண்டும் என்பது வீட்டுக்காரியின் விதி. ஓங்கோல் பையன் எங்களுக்குள் மிக நன்றாகத் தமிழில் பொய் சொல்வான்.

அவர்களை நான் அழைத்துப் போனதில் மிகவும் பிடித்தது 'கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா'. 1979. ஜெனெல் ஜாக்குவேஸ் எழுதி வரைந்தது. அப்போது அவர் பெயர் பால் என்று அட்டையில் இருக்கும். பின்னாளில் இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் 'குவேக்' வரிசைக் கணினி விளையாட்டுகளுக்குக் களங்கள் அமைத்தவர். 2024 ஜனவரியில் மறைந்தார். இந்தக் குகையின் அருமை, வழிகள் ஒன்றோடொன்று சுற்றிச் சேர்வதுதான். ஒரு வாசல், ஒரு நடை, ஒரு முடிவு என்று நேர்கோட்டில் போகாது. மேல்தளத்திலிருந்து கீழே இறங்க வழிகள் பல. கண்ணுக்குத் தெரிவது சில, தெரியாதவை சில. இறங்கி, சுற்றி, வேறு பக்கமாக ஏறினால் முன்பு பார்த்த அறையிலேயே வந்து நிற்பீர்கள்.

சர்வே படித்தவர்களுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது. அளந்துகொண்டே போய்ப் புறப்பட்ட புள்ளிக்குத் திரும்பினால்தான் அளவு சரியா என்று தெரியும். திரும்பி வந்த புள்ளி தாளில் புறப்பட்ட புள்ளியோடு சேராவிட்டால், அந்த இடைவெளிதான் பிழை. மாணவர்கள் நான் வாயால் சொல்வதைக் கேட்டுக் கட்டத்தாளில் வரைந்துகொண்டே வந்தார்கள். இரண்டாவது தளத்தில் சுற்றி முடித்ததும் ஒருவன் நிமிர்ந்தான்.

"அம்மா, இது முதலில் பார்த்த அறைதான். ஆனால் படத்தில் நாற்பது அடி தள்ளி நிற்கிறது."

"அப்படியென்றால் பூமி நகர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீ நகர்ந்திருக்க வேண்டும்."

எனக்குத் தொழில் கற்றுத்தந்த பெரியவர் சொல்லும் வாக்கியம் அது. சொல்லும்போது மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்க வேண்டும், பார்த்தேன். பிழையை எந்த ஒரு பக்கத்தின் தலையிலும் கட்டாமல், ஒவ்வொரு பக்கத்தின் நீளத்துக்கும் ஏற்பப் பங்கிட்டுக் கொடுக்கும் முறையைச் சொல்லித்தந்தேன். சிவில் படிப்பவன் ஒருவன், தேர்வில் எழுதியதுதான் இது என்று அப்போதுதான் கண்டுபிடித்தான். அவர்கள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நான் பகடையை உருட்டினேன். நான்கு பல்லி மனிதர்கள். நிலவறையில் நின்று கணக்குப் போட்டால் அப்படித்தான்.

ஆடுபவர் படங்களைப் பெரிதாகப் பிரதி எடுக்க ஆட்சியர் அலுவலகத்துப் பக்கம் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போவேன். வீட்டு வரைபடம், மனைப்பிரிவுப் படம் எல்லாம் அங்கேதான் எடுப்பார்கள். என்னைப் பல வருடங்களாகத் தெரிந்த கடைக்காரர் வைல்டர்லேண்ட்ஸ் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தத் தாலுக்கா மேடம்?" என்றார். "இன்னும் செட்டில்மென்ட் ஆகவில்லை" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்.

இனி தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜட்ஜஸ் கில்ட் நூல்களின் உள்தாள் பெரும்பாலும் செய்தித்தாள் ரகம். விலை குறைய வேண்டும், வேகமாக வெளிவர வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் நோக்கம். அச்சுப் பிழைகளும் தாராளம். அந்த ரகத் தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறும். தாளிலேயே இருக்கும் அமிலம் இழைகளை மெல்ல அரிக்கும். வெப்பம் அதை விரைவாக்கும். எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கத்திரி வந்தால் நாற்பது டிகிரியைத் தாண்டும். மேற்குச் சுவர் இரவு பத்து மணிக்கும் அனல் வீசும். அதனால் தொகுப்பு முழுவதும் கீழ்த்தளத்தில், வடக்குப் பக்க அறையில், சுவரில் ஒட்டாமல் நகர்த்தி வைத்த ஸ்டீல் பீரோவில் இருக்கிறது. பிவிசி பிளாஸ்டிக் உறைகள் கூடாது. அவையே தாளைக் கெடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் அமிலமில்லாத தாள் வைக்கிறேன். புத்தகத்தைப் பிணைத்த கம்பிப் பின் துருப்பிடித்திருந்தால் பிடுங்கிவிட்டு, அதே துளைகள் வழியாகப் பருத்தி நூலால் தைத்துவிடுவேன். அசல் பின் போனால் மதிப்புப் போயிற்று என்பார்கள். துரு தாளைத் தின்றபின் மதிப்பை எங்கே வைப்பார்கள்?

இராமபாணப் பூச்சிக்கு வசம்பு. துணியில் முடிந்து ஒவ்வொரு தட்டிலும் வைத்திருக்கிறேன். ஏட்டுச்சுவடிக்கு வைத்ததுதான், டெகேட்டர் சரக்குக்கும் போதும்.

பென்சில் எழுத்து இந்த எல்லாவற்றையும் தாங்குகிறது. அது வெறும் கிராஃபைட். மங்காது, ஊறாது, தாளை அரிக்காது. பால்பாயிண்ட் எழுத்துதான் எண்ணெய் கசிந்து அடுத்த பக்கத்துக்கு இறங்கும். ஆகவே விற்பவரிடம் என் இரண்டாவது கேள்வி, பென்சிலா பேனாவா என்பது.

வாங்குவதில் ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். புத்தக விலையைவிட அஞ்சல் செலவு கூடுதலாக இருப்பது வாடிக்கை. ஒருமுறை பெரிய படத்தை நான்காக மடித்து, மடிப்பின் மேலேயே முகவரித் தாளை ஒட்டி அனுப்பினார்கள். அதிலிருந்து, அண்ணன் மகனின் பெட்டியில் இடம் இருந்தால் மட்டுமே பெரிய படங்கள் வரும். இன்னொன்று: பிளெட்சா 2008இல் மறைந்தபின் நிறுவனத்தின் உரிமை குடும்பத்தின் கையில் இருந்தது. 2020இல் உரிமையாளர் தரப்பிலிருந்து யூத வெறுப்புப் பதிவுகள் வெளிவந்தன. அவர்களோடு சேர்ந்து வெளியிட்டுக்கொண்டிருந்த பதிப்பாளர்கள் சிலர் உறவை முறித்துக்கொண்டார்கள். நல்ல காரியம். நான் வாங்குவதெல்லாம் நாற்பது வருடங்களுக்கு முன்பே யாரோ விலை கொடுத்துவிட்ட பிரதிகள். என் காசு அங்கே போவதில்லை.

சேகரிப்பவர்கள் கேட்டால் முகம் சுளிக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் எழுதுகிறேன். வேலையில் கெட்டியான 4எச் பென்சிலால் வரைந்து பழகிய கைக்கு இந்தத் தாள் ஒத்துவராது, கிழித்துவிடும். மென்மையான 2பி வைத்து, அழுத்தாமல், தமிழில்.

வைல்டர்லேண்ட்ஸ் நடுவர் படத்தில் ஒன்றுமே குறிக்காத ஓர் அறுகோணத்தில் அகழியோடு ஒரு கோட்டையை வைத்திருக்கிறேன். உள்ளே சாமி இல்லாத கோயில். வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். நான் சிறுமியாக இருந்தபோது கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் அப்படித்தான் இருந்தது. கல்யாண மண்டபத்து யாளிகளைப் பார்க்கப் போவோம், கும்பிட யாரும் இல்லை. 1981இல்தான் லிங்கம் உள்ளே போனது. அதுவரை அது இருந்தது எங்கள் சத்துவாச்சாரியில். என் விளையாட்டில் அந்தச் சாமி இன்னும் திரும்பவில்லை. பக்கத்துக் கிராமத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், யார் வீட்டில் என்பது நடுவருக்கு மட்டும் தெரியும். கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கம் உண்டு என்று ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். துறையில் இருந்தவரை, அப்படி எந்தப் படத்திலும் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. ஓய்வு பெற்றபின் ஒன்றரை அறுகோண நீளத்துக்கு நானே வெட்டிவிட்டேன். நடுவில் மூன்று கிளை, ஒன்று திரும்பி வந்து சேரும்.

அண்ணன் மகன் போன முறை வந்தபோது பார்த்துவிட்டு ஆடிப்போனான். "அத்தை, அசல் 1977 படத்தில் தமிழில் எழுதியிருக்கிறீர்களே, இனி இதை யார் வாங்குவார்கள்?"

"உள்ளே எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குகிறவர்கள்" என்றேன்.

இப்போது பேசிக்கொண்டிருப்பது 'வில்லேஜ் புக்' முதல் பாகத்துக்கு. 1978இல் வந்தது, பெயரில்லாத கிராமங்களின் படங்கள் பக்கத்துக்குப் பக்கம், எல்லாவற்றையும் நடுவரே நிரப்ப வேண்டும். ஒஹாயோவில் ஒருவரிடம் இருக்கிறது. பின்னட்டை இல்லை, தேநீர்க் கறை இருக்கிறது, ஒரு கிராமம் விடாமல் பெயர் சூட்டித் தெருக்கள்கூடப் பிரித்து எழுதியிருக்கிறது என்று வெட்கத்தோடு சொல்லி, அதற்காக விலையையும் குறைத்திருக்கிறார். எல்லாம் நீல மையில். பென்சிலாக இருந்தால் இந்நேரம் பணம் அனுப்பியிருப்பேன். மை எத்தனை பக்கம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க, பின்பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.